எள்ளும் தண்ணீரும்

மார்ச் 9

கப்பல் போய்விட்டது. இனி நவம்பர் கடைசியில்தான் அடுத்தது. நிலையத்தில் மிஞ்சியவர்கள் எல்லாரும் பனி விளிம்பில் நின்று, அது கண்ணுக்கு மறைகிற வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அழவே அழுதான். டாக்டர். பெயர் புஷ்பவனம். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு, பேர் மட்டும் பூந்தோட்டம். திருப்புவனத்துக்காரன். நான் கோவில்பட்டி என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருகிறான். தென்துருவத்துக்கு ஓடி வந்தும் இந்தச் சொந்தம் கொண்டாடுகிற தொல்லை விடவில்லை.

மாலையில் தலைவர் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். நேகி என்று பெயர், கட்வால் மலைக்காரர். கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். குளிர்காலத்தில் வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் சொல்லவா, கப்பல் வருகிற வரைக்கும் வைத்திருக்கவா? இங்கே குளிர்காலம் தங்குகிறவர்களிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது வழக்கமாம். கிளம்பிப் போக வழியில்லாத இடத்தில் செய்தியை வாங்கி என்ன செய்ய? "சொல்ல வேண்டாம்" என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குக் கணவனா, பிள்ளைகுட்டியா? அப்பா ஒருவர். எண்பத்து நான்கு வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். "அப்பாவுக்கு ரொம்ப முடியலை" என்று சொல்வது என் அண்ணன் சங்கரபாண்டிக்குப் பத்து வருஷமாகப் பொழுதுபோக்கு.

கிளம்பும்போது அப்பாவிடம் போய் நின்றேன். தீப்பெட்டி ஆபீசில் நாற்பது வருஷம் ஆள் மேய்த்தவர். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. "போ. நான் செத்தா நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற? வேலையப் பாரு" என்றார். நல்ல மனுஷன்.

புஷ்பவனம் "எதுன்னாலும் உடனே சொல்லிருங்க சார்" என்று சொன்னானாம். சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.


மார்ச் 15

எதற்கு வந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். அடுத்த ஆறு மாதத்தில் எனக்கே மறந்து போகலாம்.

பேராசிரியர் காமத் எங்கள் துறையில் பெரிய தலை. ஏசி அறையில் உட்கார்ந்தபடியே துருவக் கடலைப் பற்றித் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியவர். அவர் தீர்ப்பு இது: குளிர்காலத்தில் கடலடிச் சேற்றில் இருக்கிற பாக்டீரியா குளிரில் முடங்கித் தூங்குகிறது, கோடையில் எழுந்திருக்கிறது. அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! இந்தக் கடலின் அடியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் அதிகம். வருஷம் முழுக்க உறையும் குளிர்தான். அந்த ஒரு பாகைக்காக யாராவது ஆறு மாதம் இழுத்துப் போர்த்திப் படுப்பார்களா?

கோடையில் வெளிச்சம் வருகிறது. கடல்பனிக்கு அடியில் பாசி வளர்கிறது, செத்து அடியில் விழுகிறது. சேற்றில் இருக்கிற பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு. குளிர்காலத்தில் இருட்டு. பாசி கிடையாது, சாப்பாடு கிடையாது. என் வாதம் அவ்வளவுதான். அவை தூங்கவில்லை, பசியோடு உட்கார்ந்திருக்கின்றன.

இதை நிரூபிக்க ஒரே இடத்துச் சேறு வாரம் தவறாமல் குளிர்காலம் முழுக்க வேண்டும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. காமத்தின் குழு என் திட்டத்தை இரண்டு முறை குப்பையில் போட்டது. மூன்றாவது முறை, கிழவி போய்த் தொலையட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். இது கெட்டால் எனக்கு இன்னொரு குளிர்காலம் கிடையாது.


ஏப்ரல் 11

புஷ்பவனத்தின் அம்மா இறந்துவிட்டார். நேற்று போன் வந்தது. அவன் கேட்டபடி உடனே சொன்னார்கள். இன்று முழுக்க மெஸ்ஸில் உட்கார்ந்து அழுகிறான். எல்லாரும் சுற்றி நின்று முதுகைத் தடவுகிறார்கள். இதற்குத்தான் கேட்டு வாங்கினானா?

நானும் போனேன். போகாவிட்டால் அதற்கும் பேச்சு வரும்.

"செத்தவங்க தெக்க இருக்காங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கக்கா" என்றான். "தெக்கப் பாத்துத்தான் தண்ணி விடுவோம். இப்ப நான் அவங்க ஊருக்கே வந்திருக்கேன். ஆனா எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க முடியலை."

படித்த படிப்புக்கும் பேசுகிற பேச்சுக்கும் சம்பந்தம் வேண்டாமா? "டாக்டர், கொஞ்சம் மோர் குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் பார்த்தால், தட்டில் சோற்றை வைத்து வாசலுக்கு வெளியே நிற்கிறான். காக்காய்க்காம். இங்கே காக்காய் ஏது? இருந்த இரண்டு கடற்பறவையும் போன வாரமே வடக்கே போய்விட்டன. சோறு கல்லாகிக் கிடந்தது. சமையற்காரர் சுத்தியலால் தட்டி எடுத்தார்.


ஏப்ரல் 22

துளை தயார். கரையிலிருந்து பனிவண்டியில் கொஞ்ச நேரம். அங்கே கடல்பனியில் அண்டா அகலத்துக்குத் துளையிட்டு மேலே கூடாரம் போட்டாயிற்று. அடியில் பத்து மீட்டர் தண்ணீர், அதற்கும் கீழே என் சேறு. குழாயை இறக்கினால் கரும்புத் துண்டு மாதிரி சேறு வருகிறது. அதைக் குளிர் அறையில் வைத்து, அது எவ்வளவு பிராணவாயு குடிக்கிறது என்று அளப்பேன். நிறையக் குடித்தால் உள்ளே நிறைய நடக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்கும் புரியும். காமத்துக்குப் புரியாது.

துளையில் தினமும் பனி ஆடை கட்டும். உடைக்காவிட்டால் மூடிக்கொள்ளும். பனியில் யாரும் தனியே போகக்கூடாது என்பது சட்டம். உடைக்கிற வேலைக்கு டாக்டரும் தலைவரும் தாங்களாகவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். சமையலறை முறையிலிருந்து தப்பிக்க நல்ல வழி.

திரும்பி வரும்போது புஷ்பவனம் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை அமாவாசை. இங்க தண்ணின்னு இருக்கறது உங்க துளை மட்டுந்தான். அம்மாவுக்கு ஒரு கை எள்ளும் தண்ணியும்…"

"டாக்டர், அது என் ஆராய்ச்சி. அதுல எச்சில் துப்பினாக்கூட எனக்குத் தெரிஞ்சிரும்" என்றேன்.

"சரிக்கா" என்றான். அதோடு விட்டான். இவ்வளவு சுலபமாக விடுவான் என்று நினைக்கவில்லை.


மே 4

சேறு போன வாரத்தைவிட நிறையக் குடிக்கிறது. கோடை மிச்சம் ஏதாவது இருக்கும்.


மே 12

அடங்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான்.


மே 22

சூரியன் இன்று எழவில்லை. இனி இரண்டு மாதம் கிடையாது. அதற்கு ஒரு விருந்து வைத்தார்கள். இந்த ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் விருந்து. இளைஞர்கள் ஆடினார்கள். தலைவர் தன் மலை ஊர்ப் பஹாடிப் பாட்டு ஒன்று பாடினார், தொண்டையில் முள் சிக்கியவர் போல. புஷ்பவனம் ஆடவில்லை, ஆனால் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டான்.


ஜூன் 5

மறுபடியும் எழுந்திருக்கிறது! இருட்டு, ஒரு துளி பாசி இல்லை, மேலே ஆள் உயரப் பனி. ஆனாலும் என் சேறு குடிக்கிறது. அமாவாசை மே 27. ஏப்ரலிலும் எழுந்தது அமாவாசைக்குப் பிறகுதான்.

சாப்பிட மறந்துவிட்டேன். கடலேற்றம்! அமாவாசைக்குக் கடல் ஏறி இறங்கும்போது அடிச்சேறு கலங்குகிறது. உள்ளே புதைந்து கிடந்த பழைய மிச்சம் மீதி மேலே வருகிறது. பசியோடு உட்கார்ந்திருப்பவை பாய்ந்து தின்கின்றன. வாங்க காமத் சார், வந்து பாருங்க, தூங்குதாம் தூக்கம்!

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கையருகே இருந்தது புஷ்பவனம்தான். சொன்னேன். என்னவோ திருடனைக் கண்ட மாதிரி முழித்தான். "அமாவாசைக்கா?" என்றான். "ஆமா" என்றேன். "ஒருவேளை வேற ஏதாச்சும்…" என்று இழுத்தான். மருத்துவம் படித்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?

அவன் இப்போது நான் சேறு எடுக்கிற அன்றும் கூடவே வந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறான். எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது? அப்பா அடிக்கடி சொல்வது.


ஜூன் 16

சேறு அமைதியாக இருக்கிறது. அமாவாசை 25.

அண்ணன் போன் செய்தானாம். எனக்கில்லை, தலைவருக்கு. போன் அறைக்குப் போகிற வழியில் என் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. தலைவர் குரல் தாழ்ந்து கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலை கிடக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் எல்லாரும் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பூட்டி வைத்திருந்த மாவடு ஜாடியைச் சமையற்காரர் எடுத்து வந்து என் தட்டில் மட்டும் இரண்டு வைத்தார். ஏன் என்று கேட்டேன். மீந்துபோச்சு என்றார். பொய் சொல்லக்கூடத் துப்பில்லை.

எழுந்து வரும்போது புஷ்பவனம் பின்னால் வந்தான். "அக்கா, ஒரு நிமிஷம். உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க."

"என்னத்தக் கேக்க? தூக்க மாத்திரையா? எனக்கு நல்லாத் தூக்கம் வருது, டாக்டர்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். நான் வந்துவிட்டேன்.


ஜூன் 17

காற்று. வெளியே போக முடியவில்லை. குழாய்கள் எல்லாவற்றையும் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.


ஜூன் 20

அப்பாவுக்கு இந்நேரம் இடுப்பு சரியாகியிருக்கும். அந்த உடம்பு லேசில் சாயாது.


ஜூலை 4

போன மாதத்தைப்போல இரண்டு மடங்கு! மூன்று குழாயிலும் பார்த்துவிட்டேன். நடுக்குளிர்காலத்தில், கும்மிருட்டில், கோடைக்குச் சமமாக! மூன்று அமாவாசை, மூன்று எழுச்சி, மூன்றாவது முதலிரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஏன் இரண்டு மடங்கு? இருட்டு முற்ற முற்றப் பசி கூடுகிறது. வேறென்ன?

காமத்துக்கு வரைபடத்தோடு எழுதிவிட்டேன். வருகிற ஆண்டு மாநாட்டுக்கும் தலைப்பு அனுப்பிவிட்டேன்: துருவக் குளிர்காலச் சேற்றில் அமாவாசை எழுச்சி. இனி என்னைக் கிழவி என்று சொல்லட்டும்.


ஜூலை 12

காமத்திடமிருந்து முந்தாநாள் பதில் வந்தது. வாழ்த்தெல்லாம் ஒரு வரிதான். அடுத்த வரியிலேயே கொக்கி. "பௌர்ணமிக்கும் கடல் இதே அளவுக்கு ஏறுகிறதே. அப்போது ஏன் ஒன்றும் நடக்கவில்லை?"

மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். பௌர்ணமிக்கு ஏன் இல்லை என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். நிலா வெளிச்சத்தில் சின்னச் சின்ன இறால்கள் கீழே போய்விடலாம், மேலே வரலாம், எதுவும் செய்யலாம்.

இரண்டு நாளாக அதையே யோசிக்கிறேன். ஒரு காரணமும் நிற்கவில்லை. நாசமாய்ப் போகிறவன், சரியான இடத்தில் கையை வைத்துவிட்டான்.


ஜூலை 25

சூரியன் வடக்கே விளிம்பில் ஒரு கீற்று தெரிந்தது. மறுபடி விருந்து.

சமையற்காரர் எள்ளுருண்டை செய்வேன் என்று ஆசை காட்டியிருந்தார். கடைசியில் எள் குறைகிறது, எலி இருக்கிறது என்று புலம்புகிறார். கடலும் பனியும் சூழ்ந்த இடத்தில் எலி! தலைவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். புஷ்பவனம் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். நேற்று ஆடி அமாவாசை என்று சமையலறைக் காலண்டரில் யாரோ வட்டம் போட்டிருந்தார்கள்.


ஆகஸ்ட் 1

எழுச்சி வந்துவிட்டது. இதுவும் இரண்டு மடங்கு.

சேற்றின் மேல்தோலைச் சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடையில் கறுப்பாக ஒன்று நின்றது. முதலில் கல் என்று நினைத்தேன். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.

கல்லுக்கு ஒரு பக்கம் கூராக, ஒரு பக்கம் உருண்டையாக, இப்படித் தோல் இருக்காது.

எள்.


ஆகஸ்ட் 2

மருத்துவ அறைக்குப் போனேன். அட்டையில் ஒட்டிய எள்ளை மேஜைமேல் வைத்தேன். புஷ்பவனம் அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

"மாசாமாசம் அமாவாசைக்கு ஆடை உடைக்கப் போறப்பச் செஞ்சேங்க்கா. தலைவர் கூட வந்தாரு. அவர் வேணாம்னுதான் சொன்னாரு, நாந்தான் கெஞ்சினேன். எனக்கு வேற வழி தெரியலை. தர்ப்பைக்குப் பச்சை நைலான் கயித்தப் பிரிச்சு விரல்ல கட்டிக்கிட்டேன். சோத்தைப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு, எள்ளைத் தூவி விட்டேன். ஒரு மணி நேரத்துல அந்த இறால் பூச்சிக வந்து மொச்சிருங்க்கா. அதுனால உங்க சேத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"பூச்சி தின்னா அதோட கழிவு எங்க போகும்? உதிர்ந்த பருக்கை எங்க போகும்? உங்க தலைக்கா?" என்று கத்தினேன். என் குளிர்காலம், என் அமாவாசை, என் மாநாடு, எல்லாம் இவன் பிடித்த சோற்றுருண்டை. நான் நிலவைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். காமத் இதைக் கேட்டால் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூறுகெட்ட ஜென்மம் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

பேசி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் எனக்குள் அந்தக் கணக்கு ஓடியது.

"ஏப்ரல், மே ஒரே அளவு. ஜூன்ல இருந்து ஏன் ரெண்டு மடங்கு?"

அவன் அட்டையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

"டாக்டர், உங்களுக்கு அம்மா ஒருத்திதான?"

"ஒருத்திதாங்க்கா."

"அப்ப ஜூன்ல இருந்து ஏன் ரெண்டு உருண்டை?"

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க கேக்கலையேக்கா" என்றான். "நீங்க கேட்டாத்தான் சொல்லணும்னு தலைவர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அங்க உங்க அண்ணன் செய்யுறாரு. இங்க ஒரு மக இருக்கா, அவ சார்பா யாராச்சும் செய்யணும்ல? அதான் உங்கப்பாவுக்கும் சேத்து…"

எள்ளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 3

ஜூன் 15. விடியற்காலை. தூக்கத்தில். தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.


ஆகஸ்ட் 5

எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதினால் இந்தப் பக்கமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். மாவடுவைத் தின்றவள் நான்தானே.

அழுதேன். அதற்குமேல் இதில் எழுத ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 9

காமத்துக்கு எழுதிவிட்டேன். அமாவாசை எழுச்சி என்று ஒன்று இல்லை, துளைக்குள் உணவு கலந்துவிட்டது, மாநாட்டுத் தலைப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி. யார் கலந்தது என்று எழுதவில்லை. அவர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அனுப்பிவிட்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தவளுக்கு உறைத்தது. அட மூதேவி! மார்ச்சில் நீ என்ன எழுதினாய்? அவை தூங்கவில்லை, பசியோடு இருக்கின்றன. நடுக்குளிர்காலத்தில், உறையும் தண்ணீரில், ஒரு கை சோறு விழுந்ததும் எழுந்து தின்றிருக்கின்றன. இரண்டு கை விழுந்தால் இரண்டு மடங்கு தின்றிருக்கின்றன. குளிர் தடுக்கவே இல்லை. நான் எதை நிரூபிக்க வந்தேனோ அதை இந்த மடையன் நான்கு மாதமாக எனக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறான். நான் நிலாவைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். சோறு விழாத ஓர் அமாவாசை வேண்டும். அன்று சேறு சும்மா இருந்தால்தான், எழுப்பியது நிலா இல்லை, சோறு என்று சொல்ல முடியும். அதற்கு ஆகஸ்ட் 23 ஒன்றுதான் பாக்கி. செப்டம்பரில் வெளிச்சம் ஏறிவிடும், பாசி தொடங்கிவிடும், எது எதனால் என்று பிரிக்க முடியாது.

புஷ்பவனத்திடம் போய்ச் சொன்னேன். 23 அன்று துளையில் ஒன்றும் போடக்கூடாது.

"போடமாட்டேங்க்கா. உங்க வேலை ஏற்கெனவே என்னால கெட்டுச்சு. அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவும்" என்றான்.

அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று இவனுக்கு யார் சொன்னது? அவருக்குத் தெரிந்ததே கோபம் ஒன்றுதான்.


ஆகஸ்ட் 13

அவர் சொன்னதுதான் காதில் ஓடுகிறது. நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற? வேலையப் பாரு. சரி, வேலையைப் பார்க்கிறேன். துளையைச் சும்மா விட்டால் வேலை நடக்கும். அவருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டு மாதம் இந்த மூதேவிக்குத் தெரியாமலே ஊரான் வீட்டுப் பிள்ளை கொடுத்திருக்கிறான். தெரிந்தபிறகு நான் கொடுக்கிற முதல் மாதம் பட்டினியா?


ஆகஸ்ட் 14

சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். எனக்கு இன்னொரு துளை வேண்டும். முதல் துளையிலிருந்து தள்ளி, அதே ஆழத்தில், அதே மாதிரிச் சேற்றில். அது சும்மா கிடக்க, இதில் உணவு போட்டு இரண்டையும் ஒப்பிடுவேன். முழுக்க முழுக்க ஆராய்ச்சிக்காக.

துளைக்கருவியின் பல் பாதி உடைந்து கிடக்கிறது. இந்தப் பனியைக் கையால் இடிக்க வேண்டும். முடியாது என்று நேகி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் சண்டை போடத் தயாராக இருந்தேன். அந்த மனுஷர் எழுந்து போய் இரும்புக் கடப்பாரையைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைமேலேயே வைத்தார். ரசக் கிண்ணம் கவிழ்ந்தது. மரியாதை தெரியாதவர்.


ஆகஸ்ட் 19

ஐந்தாவது நாள் இடிக்கிறோம். சமையற்காரர்கூட வந்து பனி அள்ளுகிறார். எனக்கு உள்ளங்கை இரண்டும் கொப்புளம். புஷ்பவனம் கட்டுப் போட்டான். "நீங்க இடிக்க வேணாம்க்கா" என்றான். "என் துளை, நான் இடிப்பேன்" என்றேன்.


ஆகஸ்ட் 21

தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பனியில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.


ஆகஸ்ட் 23

முதல் துளையில் ஆடை மட்டும் உடைத்தோம். வேறொன்றும் போடவில்லை. நான் காவலுக்கு நின்றேன், இனி எவனையும் நம்ப முடியாது.

பிறகு இரண்டாவது துளை. சோற்றை நிறுத்துத்தான் எடுத்து வந்தேன். இரண்டு உருண்டை, சம எடை. புஷ்பவனம் நைலான் கயிற்றை எனக்கும் ஒன்று கட்டினான். பெண்கள் செய்வார்களா என்று நான் கேட்கவில்லை. இங்கே தடுக்க எந்தப் பெரியவர் இருக்கிறார்?

அவன் அவனுடைய அம்மா பேரைச் சொல்லித் தண்ணீரை விட்டான். மூன்று தலைமுறைப் பேர் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு என்னைப் பார்த்தான். "அப்பா பேரு சொல்லுங்கக்கா."

வாயைத் திறந்தேன். தினமும் திட்டிய பேர், வரவில்லை. இவன் முன்னால் இப்படி நிற்க வேண்டியதாயிற்றே என்று ஆத்திரமாக வந்தது. தலைவர் கூடாரத்துக்கு வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"வேலாயுதம்" என்றேன். "தீப்பெட்டி ஆபீஸ் வேலாயுதம்."

"தாத்தா பேரு?"

"பூச்சி நாடார்னு கூப்பிடுவாங்க. நெசப் பேரு தெரியாது, தம்பி."

அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். தம்பி என்று இதுவரை நான் அவனைக் கூப்பிட்டதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. பேசாமல் உருண்டையை விட்டேன். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எள்ளையும் தூவினேன். எள்ளைத் தூவ ஆராய்ச்சியில் ஒரு காரணமும் கிடையாது. தூவினேன்.


ஆகஸ்ட் 31

முதல் துளைச் சேறு: சும்மா கிடக்கிறது. அமாவாசை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

இரண்டாவது துளைச் சேறு: குடித்துத் தள்ளுகிறது. ஜூன், ஜூலை அளவுக்கு அப்படியே. மூன்று குழாயிலும்.

காமத்துக்கு அனுப்பினேன். பதில் வரும்போது வரட்டும். இந்த முறை அவருக்குக் கொக்கி போட இடம் இல்லை.

பிறகு போன் அறைக்குப் போனேன். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான். எடுத்ததும் அண்ணன் குரல் உடைந்துவிட்டது.

"செண்பகம்! தெரிஞ்சுபோச்சா? யாரு சொன்னா?"

"சேறு சொல்லிச்சு" என்றேன்.

குளிரில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். அவன் மூளை எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். அப்புறம் அவன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அப்பா கஷ்டப்படவில்லை என்றான். முந்தின நாள் ராத்திரிகூட, அந்த ஐஸ்ல கெடக்கறவ என்ன பண்றாளோ என்று கேட்டாராம். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டான்.

"ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா. மாசாமாசம் மொட்டை மாடியில சோறு வைக்கேன். ஒரு காக்கா தொட மாட்டேங்கு. சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் பறந்து போயிருது. அப்பாவுக்கு ஏதோ குறை இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாங்க. உன்னப் பாக்காமப் போனதுதான்னு உங்க மதினி சொல்லுதா. அங்க காக்கா உண்டா?"

"இங்க காக்கா கெடையாது" என்றேன். "ஆனா நான் வச்சேன். சாப்பிட்டாச்சு, அண்ணே. ஒரு பருக்கை மிச்சமில்லாமச் சாப்பிட்டாச்சு."